பீப் போடணுமாங்ணா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கங்ணா,

நான் சோமனூர் பக்கம், பேரு போட வேண்டாமுங்க. தறிக் குடும்பம், இப்ப கோயமுத்தூர்ல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணிட்டிருக்கறேன். நானும் இன்னும் ரெண்டு பசங்களும் கைக்காசு போட்டு, கூலிக்கு தறி ஓட்டறவங்களைப் பத்தி 50 நிமிஷ டாகுமெண்டரி ஒண்ணு எடுத்து ஆன்லைன்ல போட்டோம். அதுல ஒரு அம்மா, கடன் நெருக்கடில அவங்க வீட்டுக்காரர் தற்கொலை பண்ணிக்கிட்டதைச் சொல்றாங்க. அழாம, தறியில நூல் அறுந்ததை முடிஞ்சுக்கிட்டே சொல்றாங்க. போட்ட கொஞ்ச நேரத்துலயே மஞ்சள் டாலர் (விளம்பரக் காசு கொறையும், இல்லீன்னா நிக்கும்ங்கற அடையாளம்) வந்துருச்சு. அது போக மாரியம்மன் நோம்பி சீன்ல பின்னால ரேடியோ செட்டுல ஓடற சினிமா பாட்டுக்கு ஒரு ஆடியோ கம்பெனி க்ளெய்ம். தறி நிறுத்தம் நடந்தப்ப டிவில வந்த நியூஸ் கிளிப் எட்டு செகண்ட் வெச்சிருந்தோம், அதுக்கு அந்த சேனல்காரங்க காப்பிரைட் ஸ்ட்ரைக்.

கூட இருக்கற பையன் "தற்கொலை"ங்கற வார்த்தைக்கு பீப் போட்டு, சப்டைட்டில்ல ஸ்டார் போட்டு மறுபடி ஏத்திரலாம்ங்கறான். எனக்கு மனசே வரலைங்ணா. உண்மையைச் சொன்னா அமுக்கறாங்க, இது சென்சார்தானே? கவர்மெண்ட் ஒரு சட்டம் போட்டு இவனுகளை அடக்கக் கூடாதா? இனிமே இதுல படம் போட்டு பிரயோஜனம் இருக்குதுங்களா?

---

தம்பிக்கு,

படத்தை முழுசா பார்த்துட்டேன். அது எப்படி இருக்குதுன்னு தனியா எழுதறேன், இங்க நீங்க கேட்டதுக்கு மட்டும்.

பீப் போடாதீங்க. இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. அந்தம்மா அந்த வார்த்தையைச் சொல்ற இடத்துக்காகத்தான் மீதிப் படமே இருக்குது, அதுல கூவ்னு ஒரு சத்தத்தை வெச்சீங்கன்னா அந்தம்மா என்னமோ கெட்ட வார்த்தை பேசிட்டாங்கங்கற மாதிரி ஆயிரும். ஆனா அதே சீன்ல ஒரு இடத்துல கத்திரி வெக்கச் சொல்லுவேன். எப்படி செத்தாருன்னு விவரமா ரெண்டு வரி வருது பாருங்க, அதை எடுத்துருங்க. விளம்பரத்துக்காக இல்ல. இந்த மாதிரி சாவைச் சொல்றப்ப முறையை விவரிக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் ரொம்ப காலமா சொல்லிட்டிருக்குது, 2019ல நம்ம பிரஸ் கவுன்சிலும் அதை ஏத்துக்கிட்டாங்க. அதே கடன்ல, அதே வெசனத்துல இருக்கற இன்னொருத்தர் உங்க படத்தை ராத்திரி தனியா உட்கார்ந்து பார்ப்பாருங்க, அவருக்காக எடுக்கோணும். படம் முடியற இடத்துல 104, 14416 ரெண்டு உதவி நம்பரையும் பெருசா போட்டுருங்க.

இப்ப சென்சார் கேள்வி. எந்த தளம்னு நீங்க எழுதல, எல்லாருக்கும் தெரிஞ்ச யூடியூப் ரூல்ஸை வெச்சே பேசறேன்.

மஞ்சள் டாலர் சென்சார் இல்ல தம்பி. அது விழுந்தாலும் படம் அங்கயேதான் இருக்கும், லிங்க்கைத் தட்டினா வரும். நிக்கறது விளம்பரம், அதுவும் சில சமயம் முழுசா நிக்காது, கொறைச்சலா வரும். இது எங்கிருந்து வந்துச்சுன்னா 2017 ஆரம்பத்துல லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காரங்க, தீவிரவாத வீடியோக்கு முன்னால பெரிய பெரிய கம்பெனி விளம்பரம் ஓடுதுன்னு எழுதிட்டாங்க, பிரிட்டன் அரசாங்கமே தன்னோட விளம்பரத்தை நிறுத்துச்சு, அதைப் பார்த்துட்டு மத்த கம்பெனிங்களும் ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு. அந்தப் பயத்துலதான் ரூல்ஸ் எல்லாம் இறுகுச்சு. 2018 ஜனவரில, 1000 சப்ஸ்க்ரைபரும் 12 மாசத்துல 4000 மணி நேர பார்வையும் இருந்தாத்தான் விளம்பரக் காசுன்னு கொண்டாந்ததும் அந்த வரிசைலதான். எழவு வீட்டு வாசல்ல எவனும் பலூன் விக்க மாட்டான், சோப்பு கம்பெனிக்காரன் உங்க படத்துக்கு முன்னால என்ற சோப்பு வேண்டாம்னு சொன்னா அது அவனோட இஷ்டம். அதுல உண்மையை அமுக்கற சதி எதுவும் எனக்குத் தெரியல.

கோபப்படறதா இருந்தா வேற விஷயத்துக்குப் படுங்க. முடிவு எடுத்தது மெஷினா மனுஷனா, 50 நிமிஷத்துல எந்த நிமிஷம் பிரச்சனை, ஒண்ணும் வெளங்காது. விளம்பரம் நின்னுச்சுன்னா ஆளுக்கு ஒழுங்கா தகவல் சொல்றதே 2016ல தான் ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் நின்னதே பல பேருக்குத் தெரியாம இருந்துச்சு. 2022 நவம்பர்ல கெட்ட வார்த்தை ரூலை மாத்தினாங்க, வருஷக்கணக்கா ஓடிட்டிருந்த பழைய வீடியோக்கெல்லாம் சேர்த்து மஞ்சள் விழுந்துச்சு, எல்லாரும் கத்துன பிறகு 2023 மார்ச்ல தளர்த்தினாங்க. கத்தறதுக்கு பெரிய சேனல்காரங்க இருந்ததால அது நடந்துச்சு. சோமனூர்ல இருந்து நீங்களும் நானும் கத்தினா யாருக்குக் கேக்கும்?

இன்னொண்ணு, எச்சா யாரும் பேசாதது. அந்தக் காசுக் கணக்கு படம் எடுக்கறதுக்கு முன்னாடியே எடுக்கறவன் தலைக்குள்ள போயி உட்கார்ந்துக்குது. 2020 ஜூலைல இருந்து எட்டு நிமிஷத்துக்கு மேல போனாத்தான் நடுவுல விளம்பரம் வெக்க முடியும்னு ஆச்சு (அதுக்கு முன்னாடி பத்து), அன்னிலிருந்து நாலு நிமிஷ விஷயத்தை எட்டரை நிமிஷத்துக்கு இழுக்கறது ஒரு கலையாவே ஆயிப்போச்சு. விளம்பர வருமானத்துல 55 சதவீதம் எடுத்தவங்களுக்குன்னு சொல்றாங்க, நல்ல பங்குதான், ஆனா இங்க ஆயிரம் பேர் பார்த்தா வர்ற தொகை அமெரிக்காவுல வர்றதை வெச்சுப் பார்த்தா நெம்ப சொற்பம். மாசக்கணக்குல தறிக்குடோன்ல நின்னு எடுத்த படத்துக்கு அந்தக் காசு எப்பவுமே கட்டாது, பச்சை டாலரே வந்திருந்தாலும் கட்டாது. இல்லாத காசுக்காக அந்தம்மா பேச்சை ஏன் வெட்டோணும்?

அதுக்காக கம்முனு விட்டுறாதீங்க, மனுஷங்க பார்க்கற ரிவ்யூ கேக்கற பட்டன் இருக்குது, கேளுங்க. தற்கொலை மாதிரி விஷயமெல்லாம் அவங்க ரூல்ல தனித் தலைப்பாவே இருக்குது, ஆனா கோரமா காட்டாம தகவலா பேசினா விளம்பரம் வரலாம்னும் அங்கயே போட்டிருக்குது. உங்க படம் அப்படித்தான் பேசுது. உங்க தம்ப்நெயில்தான் அப்படி இல்ல! கருப்பு பேக்ரவுண்டுல ரத்தச் சிவப்பு எழுத்துல "ஏன் செத்தார்?"னு போட்டு வெச்சிருக்கறீங்க, க்ரைம் சேனல்காரன் கெட்டான். தலைப்பு, தம்ப்நெயில் எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க. மொதல்ல அதை மாத்திட்டு அப்புறம் கேளுங்க.

அடுத்து அந்த நோம்பிப் பாட்டு. க்ளெய்மையும் ஸ்ட்ரைக்கையும் ஒட்டுக்கா போட்டுக் குழப்பிக்காதீங்க. க்ளெய்முங்கறது பெரும்பாலும் கன்டென்ட் ஐடிங்கற மெஷின் பாட்டை அடையாளம் கண்டுபிடிச்சுப் போடறது, வீடியோ பெரும்பாலும் இருக்கும், காசு மட்டும் அவங்களுக்குப் போயிரும். இதுல சட்டம் உங்க பக்கம் நிக்கும்னு நினைச்சுக்காதீங்க. கோயில் விசேஷத்துல பாட்டுப் போடறதுக்கு 1957 காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுலயே விலக்கு இருக்குது, கல்யாண ஊர்வலத்துக்குக் கூட உண்டு, ஆனா அது பாட்டைப் போடறவங்களுக்கு, அதைப் புடிச்சு படமா வெளியிடற நமக்கு இல்ல. சினிமாவுல பின்னணில தற்செயலா ஒரு ஓவியமோ சிலையோ வந்தா பரவால்லைன்னு அதே பிரிவு சொல்லுது, பாட்டுக்கு அப்படி ஒரு வரி இல்ல. அதனால அந்தப் பாட்டை மட்டும் அழிக்கற டூல் அங்கயே இருக்குது, அழிச்சுருங்க. எனக்குக் கேட்டா அந்த சீனுக்குப் பம்பைச் சத்தம் போதும், சினிமா பாட்டு எடைஞ்சல்தான்.

மெஷின் எப்பவும் சரியாத்தான் சொல்லும்னு இல்ல. 2021 முதல் ஆறு மாசத்துல மட்டும் 72 கோடிக்கு மேல க்ளெய்ம் விழுந்துச்சுன்னு யூடியூப்பே அறிக்கை போட்டுச்சு, அதுல மறுத்துக் கேட்டவங்க நூத்துக்கு ஒருத்தர் கூட இல்ல, கேட்டதுல 60 சதவீதம் கேட்டவங்க பக்கம் தீர்ந்துருக்குது. அப்ப கேக்காம விட்டவங்கள்ல எத்தனை பேரு நியாயம் இருந்தும் பயந்துக்கிட்டு விட்டாங்களோ. க்ளெய்ம் விழுந்து அஞ்சு நாளைக்குள்ள மறுப்பு போட்டீங்கன்னா மொதல் நாள்ல இருந்து வர்ற காசை யாருக்கும் குடுக்காம நிறுத்தி வெப்பாங்க, இது நெம்பப் பேருக்குத் தெரியாது.

எட்டு செகண்ட் நியூஸ் கிளிப்புதான் சீரியஸ். காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்தா வீடியோவையே எடுத்துருவாங்க. ஸ்ட்ரைக் மூணு ஆச்சுன்னா, 90 நாளைக்குள்ள, சேனலே போயிரும், அதுல இருக்கற மத்த படமும் சேர்ந்து போயிரும். இங்க சட்டத்துல உங்களுக்கு இடம் இருக்குது: நடப்புச் செய்தியைச் சொல்றதுக்கும், விமர்சனம் பண்றதுக்கும் நியாயமான அளவு எடுத்துக்கலாம்னு அதே 52வது பிரிவு சொல்லுது. எத்தனை செகண்ட் வரைக்கும்னு சட்டத்துல எண்ணே கிடையாது, ஆளாளுக்கு ஏழு செகண்ட் பத்து செகண்டுன்னு சொல்றதெல்லாம் சும்மா. 2025 மே மாசம் மோஹக் மங்கல்ங்கற ஹிந்தி யூடியூபர், ஏஎன்ஐ செய்தி நிறுவனம் சில செகண்ட் கிளிப்புகளுக்கு ஸ்ட்ரைக் போட்டுட்டு லட்சக்கணக்குல காசு கேக்கறாங்கன்னு வீடியோ போட்டாரு, எங்க உரிமையைத்தான் கேக்கறோம்னு அவங்க சொன்னாங்க, விஷயம் டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. யாரு பக்கம் நியாயம்ங்கறதை விட்டுருங்க, கேஸ் நடக்கறதுக்கு முன்னாடியே சேனல் போயிருமோங்கற பயம் இருக்குது பாருங்க, ஸ்ட்ரைக் போடறவங்க கைல இருக்கற பலமே அதுதான். நீங்க எதிர் நோட்டீஸ் போடலாம், போட்டா அவங்க 10 வேலை நாளுக்குள்ள கோர்ட்டுக்குப் போனதைக் காட்டோணும், இல்லீன்னா வீடியோ திரும்ப வரும். ஆனா அதுல உங்க பேர், அட்ரஸ் எல்லாம் அவங்களுக்குப் போகும், அதனால ஒரு வக்கீலைப் பார்த்துட்டு செய்யுங்க. இல்லீன்னா அந்தக் கிளிப்பையே தூக்கிட்டு, 2022 தறி நிறுத்தத்தப்ப யாராவது போன்ல எடுத்த வீடியோ கிடைக்குமான்னு ஊர்ல கேளுங்க. பல்லடம் பக்கம் கேட்டா கண்டிப்பா கிடைக்கும், நம்ம ஆளுக போன்ல எதையும் அழிக்கவே மாட்டாங்க.

கவர்மெண்ட் சட்டம் போட்டு அடக்கோணும்ங்கறீங்க. அங்கதான் நான் உங்க கட்சில இல்ல. சட்டம் ஏற்கனவே நிறையவே இருக்குது. ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 69ஏ பிரிவுல நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு மாதிரி காரணம் காட்டி அரசாங்கம் தடுக்கச் சொல்லலாம், 2009 விதிப்படி அந்த உத்தரவு ரகசியமா இருக்கலாம். 2023 ஜனவரில பிரதமரைப் பத்தி பிபிசி எடுத்த ஆவணப்படத்தோட லிங்குகளை 2021 ஐடி விதிகள்ல இருக்கற அவசர அதிகாரத்தை வெச்சு எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டாங்க. நீங்க சென்சார்னு சொல்றதா இருந்தா அதைச் சொல்லுங்க. தறிக்காரங்க பத்தி இன்னிக்கு எடுத்தீங்க, நாளைக்கு நொய்யல்ல சாயத்தண்ணி பத்தி எடுப்பீங்க, அப்ப எது உண்மைன்னு யாரு முடிவு பண்றதுன்னு யோசிச்சுப் பாருங்க.

பழைய கதை ஒண்ணு. ஹிந்தி சினிமா டைரக்டர் கே.ஏ. அப்பாஸ் பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் நாலு ஊரையும் வெச்சு ஒரு குட்டி டாகுமெண்டரி எடுத்தாரு, சிவப்பு விளக்குப் பகுதி காட்சியை வெட்டினாத்தான் யூ சர்ட்டிபிகேட்டுன்னுட்டாங்க. மனுஷன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. 1970ல தீர்ப்பு, சென்சார் செல்லும்னு தான் வந்துச்சு, ஆனா கேஸ் நடக்கறப்பவே அந்தப் படத்துக்கு வெட்டில்லாம யூ குடுக்க அரசாங்கம் ஒத்துக்குச்சு, முடிவு சொல்ல கால வரம்பு வேணும், அப்பீலுக்கு ட்ரிப்யூனல் வேணும்ங்கற பேச்சும் அந்தக் கேஸ்லதான் வந்துச்சு. தோத்த கேஸ்தான், ஆனா அவருக்கு எதிர்ல ஒரு ஆபீஸ் இருந்துச்சு, காரணம் எழுதின பேப்பர் இருந்துச்சு, அதைத் தூக்கிட்டுப் போக ஒரு கோர்ட் இருந்துச்சு. 2017ல சிரியா போர்ல மக்கள் எடுத்த ஆயிரக்கணக்கான வீடியோவை யூடியூப் மெஷின் தீவிரவாதம்னு நினைச்சு அழிச்சப்ப, போர்க்குற்றத்துக்கு சாட்சியா இருந்ததெல்லாம் சேர்ந்து போச்சு, கொஞ்சம் திரும்ப வந்துச்சு. அந்த வீடியோ எடுத்தவங்கள்ல பல பேரு அப்ப உயிரோடயே இல்ல, யாரு போயி அப்பீல் பண்றது? சட்டம் போடறதா இருந்தா எதை எடுக்கோணும்னு சொல்ற சட்டம் வேண்டாம், எடுத்தா காரணம் எழுதிக் குடு, அப்பீலை ஒரு மனுஷன் பார்க்கோணும்னு சொல்ற சட்டம் வரட்டும். 2021 ஐடி விதிகள்ல புகார் அதிகாரி குறிப்பிட்ட நாளுக்குள்ள பதில் சொல்லோணும்னு இருக்குது, அதுக்கு மேல 2023ல மூணு மேல்முறையீட்டுக் குழுவும் அமைச்சிருக்காங்க. குழுவை நியமிக்கறதும் மத்திய அரசுதாங்கறது எனக்கு நெருடல்தான், ஆனாலும் படத்தையே தூக்கினா அங்க போயிப் பாருங்க.

பிரயோஜனம் இருக்குதான்னு கேட்டீங்க. இருக்குது, ஸ்ட்ரைக் தீர்ந்ததும் படம் அங்கயே கிடக்கட்டும், ஆனா அது ஒண்ணே கதின்னு இருக்காதீங்க. ஒரிஜினல் ஃபைலை ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, ரெண்டு வீட்டுல வைங்க. இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஒரு காப்பி ஏத்துங்க. அப்புறம் ஊர்ல திரையிடுங்க தம்பி, கோயமுத்தூர்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல ரயில்வே வேலையை விட்டுட்டு ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட ப்ரொஜெக்டர் வாங்கி ஊர் ஊரா கொட்டாய் போட்டு படம் காட்டினாரு, அப்புறம்தான் 1914ல வெரைட்டி ஹால் கட்டினாரு. உங்களுக்கு கொட்டாய் கூட வேண்டாம், சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் விசைத்தறி சங்கங்களைக் கேட்டா ஒரு ஹால் குடுப்பாங்க. டிக்கெட் வேண்டாம், வாசல்ல ஒரு உண்டியல் வைங்க. மொதல் ஷோவுக்கு அந்தம்மாவைக் கேட்டுக்கிட்டு, அவங்க சரின்னு சொன்னா மட்டும் போடுங்க, ஆன்லைன்ல இருக்கறது வேற, சொந்த ஊர்க்காரங்களோட ஒரு ஹால்ல உட்கார்ந்து பார்க்கறது வேற.

சப்டைட்டில்ல "பாவு" (நெடுக்கு நூல்), "ஊடை" (குறுக்கு நூல்) ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையைப் போட்டிருக்கறீங்க, 12வது நிமிஷத்துலயும் 31வது நிமிஷத்துலயும். எஸ்ஆர்டி ஃபைலை மெயில்ல அனுப்புங்க, திருத்தித் தர்றேன்.