பழைய பைக்கும் புது முலாமும்: வாசகர் கேள்வி-பதில்

பழைய யெஸ்டியின் ஹேண்டில்பார், இரண்டு சைலன்சர், ஹெட்லைட் வளையம் எல்லாவற்றுக்கும் குரோம் பிளேட்டிங் போட்டேன். நாலே மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. கேட்டால் "உங்க ஊர் கடல் காத்து சார்" என்கிறார்கள். (நாகப்பட்டினம்)

கடல் காற்று பாவம், எத்தனை கடைக்காரர்களின் பழியைத்தான் அது சுமக்கும்!

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருட எரிச்சல் உண்டு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். குரோம் என்று நாம் பார்க்கும் பளபளப்பு ஒரு மைக்ரான்கூட இல்லாத தோல். அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் துளைகளும் இருக்கும். துருவைத் தடுப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். நிக்கலுக்கும் அடியில் செம்பு, அது இரும்பின் குழிகளை நிரப்பத்தான். ஒழுங்காகச் செய்கிறவர் பழைய முலாமை எடுத்து, துருவை எடுத்து, செம்பு ஏற்றி, தேய்த்துப் பார்த்து, குழி தெரிந்தால் மறுபடி செம்பு ஏற்றுவார். நாள் பிடிக்கும் வேலை. அவசரக்காரர் இரும்பையே பஃபிங் சக்கரத்தில் கண்ணாடி போலத் தேய்த்து, நிக்கலைப் பேருக்குக் காட்டி, மேலே குரோமைப் பூசிக் கொடுத்துவிடுவார். டெலிவரி எடுக்கும் அன்று இரண்டும் ஒரே மாதிரிதான் ஜொலிக்கும். அதிகம் தேய்த்ததில் தகடு மெலிந்ததும், ஓரங்கள் மழுங்கியதும் பிறகுதான் தெரியும்.

நாம் கேட்பதோ "எப்ப சார் கிடைக்கும், கம்மி பண்ணிக்கங்க" என்கிற இரண்டே கேள்வி. இனிமேல் மூன்றாவதாக ஒன்று சொல்லுங்கள்: "செம்பு ஏறியதும் கூப்பிடுங்க, வந்து பார்க்கிறேன்." அந்தச் செந்நிறத்தில் நகத்தால் தடவினால் குழி தட்டுப்படும். கூப்பிட மறுக்கிற கடையில் கொடுக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில், துருவைத் தேதியோடு படம் எடுத்து, மறுபடி செய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். பில்லில் வெறும் "குரோம்" என்று மட்டும் இருந்தால் வாதாடுவது சிரமம்தான், ஆனாலும் விடாதீர்கள்.

புல்லட் கிராங்க்கேஸில் (எஞ்சினின் அலுமினிய உறை) விரல் நீளத்துக்கு விரிசல், ஆயில் கசிகிறது. ஆர்கான் வெல்டிங் நிற்காது, பழைய கேஸ் ஒன்று வாங்கி மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். (திருச்சி)

மாற்றுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் நம்பர் பொறித்திருப்பது அந்தக் கேஸில்தான். வேறு கேஸ் போட்டால் நம்பரும் மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதியாவிட்டால், நாளைக்கு விற்கும்போதோ சோதனையிலோ திருட்டு வண்டிக்காரர் போல நிற்க வேண்டிவரும். பழைய நம்பரை அழித்துப் புதிதாக அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கடை வாசலைக்கூட மிதிக்காதீர்கள்.

ஆர்கான் நிற்கும், செய்கிறவர் தெரிந்தவராக இருந்தால். பல வருட ஆயில் அலுமினியத்தில் ஊறியிருக்கும். அதை முழுக்கக் கழுவி எடுக்காமல் பற்றவைத்தால் பொங்கி ஓட்டை விழும். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் வெல்டிங்கைத் தாண்டி ஓடும். கேஸைச் சூடேற்றி, வளையாதபடி கெட்டியாக முடுக்கிவைத்துச் செய்ய வேண்டும். ஆறியதும் பேரிங் உட்காரும் இடத்தை லேத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் நீங்கள் கேட்கும்போதே அவர் முகத்தைக் கவனியுங்கள், பாதி பதில் அங்கே கிடைக்கும்.

டேங்கில் ஊசித்துளை. எம்-சீல் வைத்தால் போதுமா? (கரூர்)

வீடு போய்ச் சேர போதும். ஆனால் பெட்ரோல் இருந்த டேங்கை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

ஆன்லைனில் படம் பார்த்து ஜாவா டேங்க் வாங்கினேன். முழுப் பணமும் முன்கூட்டியே போட்டாச்சு. பில் இல்லை. வந்தது பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசிய டேங்க். இப்போது போனே எடுப்பதில்லை. (சேலம்)

பில் இல்லை, பேரம் இல்லை, நேரில் பார்க்கவில்லை. விற்றவர் உங்களை ஏமாற்றச் சிரமமே படவில்லையே ஐயா!

சரி, திட்டுவதற்கு எனக்கும் யோக்கியதை இல்லை. என் 1968 ஜாவாவுக்கு நானும் அப்படித்தான் ஒரு டேங்க் வாங்கினேன். கையில் எடுத்தபோதே கனத்தது, 'அந்தக் காலத்துத் தகடு, கெட்டி' என்று பூரித்துப்போனேன். அப்புறம் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை வைத்தால், வலது பக்கம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. சுரண்டச் சுரண்ட விரல் கனத்துக்குப் பட்டி, உள்ளே நசுங்கிய தகடு. இன்றும் அது பரணில்தான் கிடக்கிறது. அன்றிலிருந்து காந்தம் இல்லாமல் பழைய சாமான் கடைப் பக்கம் போவதில்லை.

பணம் அனுப்பிய பதிவும், அவர் பேசிய மெசேஜும் இருக்குமே, அவற்றை அழிக்காதீர்கள். அவர் கடை நடத்துகிறவராக இருந்தால் கீழே உள்ள பதில் உங்களுக்கும் பொருந்தும்.

அப்பாவின் புல்லட்டை ரீஸ்டோர் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒரிஜினல் மட்கார்டுகள் இல்லை, மெல்லிய புதுத் தகடு மாட்டியிருக்கிறது. "பழசு உளுத்துப்போச்சு, குப்பையில் போட்டுட்டோம்" என்கிறார்கள். (மதுரை)

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. உளுத்திருந்தாலும் அது உங்கள் பொருள். குப்பையில் போட அவருக்கு உரிமை இல்லை, அது குப்பைக்குத்தான் போயிற்று என்றும் நான் நம்பவில்லை.

பழைய படங்களைத் தேடி எடுங்கள், அப்பா வண்டியில் உட்கார்ந்திருக்கும் கல்யாண வீட்டுப் படம்கூட ஆகும். பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். என்ன நடந்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.

வீல் ஆக்சிலுக்கும் பளபளவென்று குரோம் போடலாமா? (கோவை)

வேண்டாம். முலாம் போடும்போது கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகும். உடனே சூட்டில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால் ஆக்சில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.