சூரிய வெந்நீருக்குத் தவணை கட்டலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். மொத்தம் ஐந்து பேர். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. நாத்தனார் வீட்டுக்காரர் சோலார் வெந்நீர்த் தொட்டி விற்கிறார். விலை 7,000 ரிங்கிட். ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கிலிருந்து 1,000 எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை 6 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணையாகக் கட்டச் சொல்கிறார். மாதம் 110 ரிங்கிட் மின்சாரம் மிச்சமாகுமாம். எங்கள் பில்லே 118தான். அவரிடம் வாங்கிய வாட்டர் ஃபில்டருக்கு 95, மெத்தைக்கு 120 இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். வேண்டாம் என்றால் உறவு கெடுமோ?

பதில்: சகோதரி, 118 ரிங்கிட் பில்லில் 110 மிச்சம் என்றால், ஃபிரிட்ஜும் காற்றாடியும் விளக்கும் மாதம் முழுக்க 8 ரிங்கிட்டிலா ஓடுகின்றன? அங்கேயே நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டும்.

அவர் கொடுத்ததாக நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தேன். தினம் 200 லிட்டர், 15 டிகிரி தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்குவதாகப் போட்டிருக்கிறார்கள். அது குளிர்நாட்டுக் குழாய்த் தண்ணீர். நம் ஊரில் குழாயைத் திறந்தாலே 27 டிகிரி வரும், குளிக்க 40 போதும். ஏற்ற வேண்டிய சூடு 40 டிகிரி இல்லை, வெறும் 13. சூத்திரம் சரியாகத்தான் இருக்கிறது, உள்ளே போட்ட எண்கள்தான் உங்கள் வீட்டுக்குச் சேராதவை.

உங்கள் குளியலறை ஹீட்டர் 3,600 வாட். ஐந்து பேரும் எட்டு நிமிடம் குளித்தால் நாளுக்கு 2.4 யூனிட், மாதம் 72. யூனிட்டுக்கு 40 சென் என்று வைத்தால் 29 ரிங்கிட். மழை நாளில் தொட்டிக்குள் இருக்கும் மின்சாரக் கம்பி வேலை செய்யும், அதை அணைக்க மறந்தால் செலவு ஏறும். ஆக மிச்சம் 23 என்று வைத்துக்கொள்வோம்.

தவணையோ மாதம் 130. அந்த 6 சதவீத வட்டியை முழுத் தொகைக்கும் ஐந்து வருடமும் போடுகிறார்கள், நீங்கள் அடைக்க அடைக்க அது குறைவதில்லை. அதனால் உண்மையான வட்டி கிட்டத்தட்ட 11 சதவீதம். 6,000-க்கு 7,800 கட்டுவீர்கள். முன்பணத்தையும் சேர்த்து 8,800, மாதம் 23 வீதம் திரும்பி வர 30 வருடத்துக்கு மேல் ஆகும். ஈபிஎப் 2024-க்கு 6.3 சதவீத லாப ஈவு கொடுத்தது. அந்த 1,000-ஐ அங்கேயே விட்டுவிடுங்கள்.

சூரிய வெந்நீர் கெட்ட பொருள் இல்லை. நாள் முழுக்க வெந்நீர் ஓடும் விடுதிக்குக் கணக்கு வேறு மாதிரி வரும். உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எனக்குக் கவலை தொட்டியைப் பற்றி இல்லை. அவர் எதைக் கொண்டுவந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்களே, அதுதான். இதையும் சேர்த்தால் ஒரே உறவுக்காக மாதம் 345 ரிங்கிட் போகும். "மச்சான், ஃபில்டரும் மெத்தையும் முடியும்வரை புதுத் தவணை எடுப்பதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம்" என்று கணவரையே சொல்லச் சொல்லுங்கள். தன் சகோதரியின் வீட்டுக்காரரிடம் அவர் பேசுவதுதான் முறை. அப்புறம், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அந்தத் தவணைப் பணத்தை மற்றொன்றில் சேர்த்துக் கட்டுங்கள். முன்கூட்டியே அடைத்தால் வட்டியில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கட்டுங்கள்.