ஹைட்ரஜன் தயாரிப்பு: ஆய்வக மேசையிலிருந்து சில கேள்விகள்

துத்தநாகத்தில் நீர்த்த அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் வருகிறது. இவ்வளவு எளிமையான சோதனையில் எங்கே ஆபத்து? (ஓர் ஆசிரியை)

காற்றில்தான், டீச்சர். தூய ஹைட்ரஜன் அமைதியாக எரியும். காற்றோடு கலந்தால்தான் வெடிக்கும். கன அளவில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் தீப்பற்றும். மீத்தேனுக்கு இந்த எல்லை ஏறத்தாழ 5 முதல் 15 வரைதான். குடுவையில் முதலில் இருப்பது காற்று என்பதால், அமிலம் ஊற்றியதும் வெளிவருவது கலவைதான். அப்போது போக்குக் குழாயின் (வாயுவை வெளியே கொண்டுவரும் குழாய்) வாயில் தீக்குச்சியைக் காட்டினால், தீ குழாய் வழியே உள்ளே ஓடிக் குடுவையைச் சிதறடித்துவிடும். கண்ணாடித் துண்டும் அமிலமும் சேர்ந்து முகத்துக்கு வரும்.

அதனால் குடுவை இருக்கும் மேசையில் தீயே கூடாது. வாயுவைச் சோதனைக் குழாயில் நீரை இடம்பெயர்த்துச் சேகரித்து, வாயை மூடி, தள்ளியிருக்கும் இன்னொரு மேசைக்கு எடுத்துப் போய் அங்கே எரியுங்கள். போக்குக் குழாய் முனையிலேயே சுடர் எரித்துக் காட்டும் வழக்கம் பழைய செய்முறைகளில் உண்டு. பள்ளிக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன்.

வாயு தூய்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சத்தத்தைக் கேளுங்கள். மெல்லிய ‘பப்’ என்றால் ஏறக்குறைய தூய்மை. ‘கீச்’ என்றோ ‘டப்’ என்றோ கூர்மையாக வந்தால் காற்று கலந்திருக்கிறது. இன்னும் சில குழாய் வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பலர் கவனிக்காத ஒன்று: ஹைட்ரஜன் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சோதித்த குழாயில் அது இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம். அதையே உடனே வாயு சேகரிக்கும் நீர்த் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள், வேறு குழாயை எடுங்கள்.

திசில் புனல் (குடுவைக்குள் அமிலம் ஊற்றும் நீண்ட காம்புப் புனல்) வழியாகவே வாயு வெளியேறிவிடுகிறது. (ஆய்வக உதவியாளர்)

புனலின் கீழ்முனை அமிலத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். போக்குக் குழாயின் முனையோ திரவத்தைத் தொடவே கூடாது, தக்கைக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும்.

எங்கள் துத்தநாகம் பளபளவென்று இருக்கிறது, குமிழியே வரவில்லை. அடர் அமிலம் ஊற்றலாமா, சார்?

கூடாது. அடர் கந்தக அமிலத்தில் கந்தக டை ஆக்சைடுதான் கிளம்பும். நைட்ரிக் அமிலமும் வேண்டாம், அது நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தரும். மிகத் தூய துத்தநாகம் மந்தமாகத்தான் வினைபுரியும். இரண்டு மூன்று சொட்டு தாமிர சல்பேட் கரைசல் விடுங்கள். துத்தநாகத்தின் மேல் தாமிரம் படிந்து, அங்கங்கே சின்னச் சின்ன மின்கலங்கள் உருவாகி, குமிழி வேகம் பிடிக்கும்.

ஹைட்ரஜனுக்கு மணம் கிடையாது என்று படித்தேன். எங்கள் குடுவையில் நாற்றம் வந்ததே? (மாணவர்)

நல்ல கேள்வி, தம்பி. நாற்றம் ஹைட்ரஜனுடையது அல்ல, துத்தநாகத்திலோ அமிலத்திலோ இருக்கும் மாசுகளுடையது. கந்தகம் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு, பாஸ்பரஸ் இருந்தால் பாஸ்பீன், ஆர்செனிக் இருந்தால் ஆர்சீன் வரும். இவை எல்லாமே நஞ்சு, ஆர்சீன் கடும் நஞ்சு. முகர்ந்து பார்க்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, அந்தத் துத்தநாகத்தை மாற்றச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.

எவ்வளவு துத்தநாகம் போட வேண்டும்?

65 கிராம் துத்தநாகம் அறை வெப்பநிலையில் சுமார் 24 லிட்டர் வாயு தரும். அப்படியென்றால் 1 கிராமுக்கு 370 மில்லிலிட்டர் அளவில் வரும். 25 மில்லிலிட்டர் குழாய்கள் பத்துக்கும் மேல் நிரம்பும். தொடக்கத்தில் வீணாக்கும் வாயுவுக்கும் சேர்த்துப் போதும். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுவது எதற்கென்று எனக்குப் புரிவதில்லை. சின்ன அளவில் தவறு நடந்தாலும் சின்னதாகவே முடியும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும், வேடிக்கை பார்ப்பவருக்கும்.

அலுமினியத் தாளையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் பாட்டிலில் போட்டு பலூன் நிரப்பும் காணொளி பார்த்தேன். வீட்டில் செய்யலாமா?

வேண்டாம். அந்த வினை வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பமே வினையை வேகப்படுத்தும். கொதிக்கும் காரம் பொங்கித் தெறித்தால் கண்ணுக்கு அமிலத்தைவிட மோசம். பலூனோ, பற்றவைக்க ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

சோதனை முடிந்ததும் மிச்சத் துத்தநாகத்தைக் குப்பையில் போடலாமா?

ஈரத்தோடு போடாதீர்கள். ஒட்டியிருக்கும் அமிலத்தில் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். அமிலத்தை வடித்து, துண்டுகளை நன்றாகக் கழுவி உலர்த்துங்கள், அடுத்த வகுப்புக்கு ஆகும். உலரும் முன் மூடி போட்ட புட்டியில் மட்டும் அடைத்து வைக்க வேண்டாம்.