ஒரே வலிக்கு இரண்டு வைத்தியமா?

கேள்வி: எனக்கும் அக்காவுக்கும் இடுப்பு வலி. ஸ்கேனில் இருவருக்குமே டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றுதான் வந்தது. ஆனால் பிசியோதெரபிஸ்ட் என்னைக் குப்புறப் படுத்துக் கையை ஊன்றி மேலே எழும்பச் சொல்கிறார், அக்காவை மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்கச் சொல்கிறார். யாருக்கோ மாற்றிச் சொல்லிவிட்டாரா?

பதில்: மாற்றிச் சொல்லவில்லை. அவர் ஸ்கேனைப் பார்த்துப் பிரிக்கவில்லை, அசையும்போது வலி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பிரித்திருக்கிறார். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அந்த ஒரு வரியை வைத்து யாருக்கு எந்தப் பயிற்சி என்று முடிவு செய்ய முடியாது.

வலியின் போக்கைப் பார்த்துப் பிரிக்கும் இந்த வழி 1956-ல் நியூசிலாந்தில் தற்செயலாகத் தொடங்கியது. கால்வரை வலி இருந்த ஒருவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட் வேறு வேலையாகப் போய்விட்டார், திரும்பி வந்து பார்த்தால், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் அவர் முதுகு பின்னால் வளைந்தபடி கிடக்கிறார், கால்வலியோ போய்விட்டது! அதிலிருந்துதான் மெக்கன்சி முதுகுவலியை மூன்று வகையாகப் பிரித்தார். வெகுநேரம் கூன்போட்டு உட்கார்ந்தால் மட்டும் வருவது ஒன்று, நிமிர்ந்தால் சரியாகிவிடும். சுருங்கி இறுகிய தசைநாரை இழுக்கும்போது, அசைவின் கடைசியில் மட்டும் வலிப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியம்: ஒரு திசையில் அசைந்தால் வலி ஏறும், எதிர்த்திசையில் இறங்கும்.

அதனால்தான் உங்கள் பிசியோதெரபிஸ்ட் உங்களைப் பத்து முறை குனிய வைத்து, பத்து முறை பின்னால் வளைய வைத்து, ஒவ்வொரு முறையும் ‘இப்போது எங்கே வலிக்கிறது?’ என்று கேட்டிருப்பார். கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கு ஏறி, அப்புறம் பிட்டத்துக்கு வந்து, கடைசியில் இடுப்பின் நடுவில் நின்றால் அதுதான் உங்கள் திசை. அப்போது இடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பயப்படாதீர்கள். மாறாக வலி பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் சொல்லுங்கள். அக்காவுக்குக் குனிந்தால் சுகம் என்றால் அவர் திசை அது, தயவுசெய்து பயிற்சியை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழப்பது, இதில் எது வந்தாலும் பயிற்சியெல்லாம் அப்புறம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வந்தாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.