கணவரின் கடைக் கடனுக்கு மனைவியின் சீதன வீடு போகுமா?

கேள்வி: நான் திருகோணமலையில் அரசாங்கப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவர் வடமராட்சியைச் சேர்ந்தவர். திருமணத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து, சந்தைக்கு அருகே பலசரக்குக் கடை நடத்துகிறார். உவர்மலையில் நாங்கள் குடியிருக்கும் வீடு, 2004 இல் அம்மா எனக்குச் சீதன உறுதியாக எழுதித் தந்தது. மொத்த வியாபாரி ஒருவருக்குச் சாமான் வாங்கிய வகையில் 6 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா பாக்கி. கணவர் கொடுத்த இரண்டு காசோலைகள் திரும்பிவிட்டன. நிதி நிறுவனம் ஒன்றில் அவர் பெற்ற 12 இலட்சம் ரூபா கடனுக்கு நான் பிணை நின்றேன். அதிலும் மூன்று தவணை தவறியுள்ளது. வியாபாரியின் சட்டத்தரணி 14 நாள் தவணை கொடுத்து எங்கள் இருவர் பெயருக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறார். வீட்டை உடனே மகளுக்கு எழுதிவிடும்படி உறவினர் வற்புறுத்துகிறார்கள். அவளுக்கு வயது 17. என்ன செய்வது?

பதில்: உறுதி எழுத நொத்தாரிசிடம் நாள் குறித்திருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கடன்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வியாபாரிக்குரிய பாக்கி உங்கள் கணவருடையது மட்டுமே. பாடசாலை விட்டு வந்து மாலையில் காசு லாச்சிக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்ததாலோ, லொறி வந்த நேரத்தில் சாமானைப் பாரமெடுத்ததாலோ நீங்கள் அந்த வியாபாரத்தின் பங்காளி ஆகிவிடமாட்டீர்கள். ஆயினும் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழை எடுத்து, அதில் உங்கள் பெயர் எங்கேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விடை மாறும். அரச ஊழியர் என்ற வகையில், அரச ஊழியருக்கான விதித்தொகுப்பாகிய தாபனக் கோவை அதற்கு என்ன சொல்கிறது என்பது வேறொரு தலையிடி.

கணவர் வடமராட்சியார் என்பதால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமை பொருந்துமா என்ற கேள்வி எழும். தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணக்கும் பெண், தான் அதற்கு உட்படாதவளாயினும், அத்திருமணம் நீடிக்கும் காலத்தில் அதற்கு உட்படுவாள் என்று 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. ஆனால் அவர் திருமணத்துக்கு முன்பே திருகோணமலையை நிரந்தர வாழ்விடமாக்கிக்கொண்டாரா என்பது சான்றுகளால் தீர்மானிக்கப்படும் விடயம். நல்ல வேளையாக, உங்கள் அச்சத்துக்கு இரு வழியிலும் விடை ஒன்றுதான். தேசவழமையின்படி சீதனம் மனைவியின் தனி ஆதனம். அந்த ஆதனத்தின் பராமரிப்பு, திருத்தம், வரி போன்றவற்றுக்காகப் பட்ட கடனாக இருந்தாலன்றிக் கணவரின் கடனுக்கு அது பொறுப்பாகாது. தேசவழமை பொருந்தாவிட்டால், 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின் கீழும் அது உங்களுடையதே. வேறுபாடு விற்கும்போதும் ஈடு வைக்கும்போதுமே வரும்: தேசவழமை பொருந்துமாயின் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் தேவைப்படும்.

உங்களைக் கட்டிப்போட்டிருப்பது தாலியன்று, பிணைப் பத்திரத்தில் இட்ட கையொப்பம். பிணை நின்றவர், முதலில் கடனாளியிடம் அறவிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள் என்று சொல்லும் உரிமை எமது பொதுச் சட்டத்தில் உண்டு. ஆனால் நிதி நிறுவனங்களின் அச்சிட்ட படிவங்களில் அந்த உரிமையைக் கைவிடுவதாக ஒரு வாசகம் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் கையொப்பமிட்ட பிணைப் பத்திரத்தின் பிரதியைப் பதிவுத் தபாலில் கேட்டுப் பெறுங்கள். கூடவே, சம்பளத்திலிருந்து கழிக்கச் சம்மதிக்கும் கடிதம் எதிலேனும் கையொப்பமிட்டீர்களா, வீட்டை ஈடு வைக்கும் உறுதியில் நொத்தாரிசு முன் கையொப்பமிட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், உங்களுக்கு எதிராகத் தீர்ப்புப் பெறாமல் அந்த நிறுவனம் வீட்டை விற்க முடியாது.

இனி மகள் விடயம். பிணையாளி என்ற முறையில் நீங்களும் கடனாளியே. தவணை தவறிய பின் இருக்கும் ஒரே வீட்டை மகளுக்கு நன்கொடையாக எழுதினால், கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த உரிமை மாற்றம் என்று கூறி அதை இரத்துச் செய்யும்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். நன்கொடையாயின், பெற்றவருக்கு நோக்கம் தெரியுமா என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. அதற்கும் மேலாக, 18 வயது ஆகாத பிள்ளையின் பெயரில் எழுதிய காணியை அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் நீதிமன்ற அனுமதிக்கு அலைய வேண்டும்.

வியாபாரியின் பாக்கியில் கணவருக்கு ஒரு பிடி இருக்கிறது. விற்றுக் கையளித்த பொருட்களின் விலைக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும், கடன் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்கிறது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். பழைய பற்றுச்சீட்டுகள் சில இதனால் அடிபட்டுப் போகலாம். பட்ட கடனைக் கொடுத்தே தீருவேன் என்று அவர் நினைப்பது அவருடைய பெருந்தன்மை. ஆனால் "முழுப் பணத்தையும் தருகிறேன், தவணை தாருங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கிவிடும். காசோலைகளுக்கு இந்த ஓராண்டுக் கணக்குச் சரிவராது. பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் வரை போகக்கூடிய குற்றமாதலால், அவற்றை முதலில் தீர்க்கட்டும். பணம் பெற்றதாக வியாபாரி தரும் பற்றுச்சீட்டில் காசோலை இலக்கத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையேல் அந்தப் பணம் பழைய பாக்கியில் ஒரு பகுதி கட்டியதாக மாறிவிடும்.

அதே ஓராண்டுக் கத்தி உங்கள் கடைக் கொப்பிக்கும் உண்டு. சம்பளத்துக்குத் தருகிறேன் என்று அரிசியும் பால்மாவும் கொண்டுபோனவர்களின் பக்கத்தைத் திறந்து, மீதியை எழுதி, கீழே திகதியுடன் அவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். உங்களோடு படிப்பிக்கும் ஆசிரியைகளிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

14 நாள் முடிவதற்குள் இரண்டு பதில்கள் தனித்தனியாகப் போகட்டும். உங்களுடையதில் நீங்கள் அந்தக் கொடுக்கல் வாங்கலில் தரப்பினர் அல்லர் என்பது மட்டும் இருந்தால் போதும். கணவருடையதைச் சட்டத்தரணி ஒருவர் எழுதட்டும். தொகை எதையும் ஒப்புக்கொள்ளாமல், ஒவ்வொரு பற்றுச்சீட்டின் திகதியையும் பிரதியையும் அதில் கேட்க வேண்டும். கடிதம் வந்த உறையை, தபால் முத்திரை தெரியும்படி, எறியாமல் வைத்திருங்கள்.