சளைக்காத அம்மாயிக்கு ஒரு இங்கிலீஷ்

கேள்வி: 70 வயதிலும் எங்கள் அம்மாயி கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறார். இதை இங்கிலீஷில் 'ஸ்டில் ஸ்ட்ராங்' என்று எழுதலாமா? – வாசகி, ஹட்டன்

பதில்: எழுதலாம், ஆனால் உடம்பு திடமாக இருக்கிறது என்பதோடு அது நின்றுவிடும். 'ஸ்டில் கோயிங் ஸ்ட்ராங்' என்றால்தான் இத்தனை வருஷமாகியும் வேகம் குறையவில்லை என்று வரும். ஆட்களுக்கு மட்டுமில்லை, 1867இல் இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைக்கும் அதையே சொல்லலாம். 'ஸ்ட்ராங்லி' என்று இழுத்துவிடாதீர்கள், பலர் அங்கேதான் வழுக்குகிறார்கள். அப்புறம், 'செகண்ட் விண்ட்' வேறு. மலையேறி மூச்சு வாங்கி, இடுப்பில் கட்டிய படங்குத் துணியைச் சரிசெய்து நிமிர்ந்ததும் புதுத் தெம்பு ஒன்று வருமே, அது. சளைக்கவே சளைக்காத அம்மாயிக்கு 'கோயிங் ஸ்ட்ராங்'தான் சரி. அவருக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.