மெடிக்கல் போர்டு 'இல்லை' என்ற பிறகு வெளி டாக்டர் கடிதம் உதவுமா?

கேள்வி: என் கணவர் 24 வருட ராணுவ சர்வீஸ் முடித்து 2021-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். கடைசி மெடிக்கல் போர்டில் பி.பி.க்கு 30 சதவீதம் போட்டார்கள். ஆனால் சர்வீஸால் வந்ததில்லை என்று எழுதி, டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது என்றுவிட்டார்கள். காஷ்மீரில் குப்வாராவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு புனேவுக்கு மாறி வந்த மூன்றாவது மாதம்தான் பி.பி. என்றே தெரிந்தது. இப்போது பார்க்கும் இதய டாக்டர், 'ராணுவ வேலையால் வந்தது, 60 சதவீத பாதிப்பு' என்று கடிதம் கொடுத்திருக்கிறார். இதை வைத்து அப்பீல் போடலாமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: அப்பீல் போடலாம் அம்மா, போடத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கடிதத்தை இப்படியே வைத்துப் போடாதீர்கள்.

நான் பணியில் கிளார்க்காக இருந்தவன், ஓய்வுக்குப் பிறகு நம் ஆட்களின் பென்ஷன் பேப்பர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது மாதிரிக் கடிதங்கள் என் மேஜைக்கு நிறைய வரும். நல்ல கனமான லெட்டர்பேடு, பெயருக்குக் கீழே மூன்று வரிக்குப் பட்டங்கள், நடுவில் இரண்டே இரண்டு வரி, அடியில் சீல். அதில் டாக்டர் எந்தப் பேப்பரைப் பார்த்தார், எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை இருக்காது. மெடிக்கல் போர்டு நிபுணர் குழு, அதன் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2009-ல் தாமோதரன் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்கு எதிரே இரண்டு வரிக் கடிதம் எப்படி நிற்கும்?

முதலில் அந்த 60 சதவீதத்தை விடுங்கள். உங்கள் கணவருக்குச் சதவீதத்தில் பிரச்சினையே இல்லை. 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும், அவருக்கு 30 இருக்கிறது. பென்ஷன் கிடைத்துவிட்டால் 2014 டிசம்பரில் வந்த ராம் அவதார் தீர்ப்பின்படி அந்த 30-ஐ 50 ஆக உயர்த்தி வாங்கவும் வழி உண்டு. சண்டை இன்னொரு கட்டத்தில் இருக்கிறது. ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ஓய்வுக்கு முந்தைய கடைசி போர்டு) ஃபார்மில், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16-ல், நோய் சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் அதிகமானதா என்று இரண்டு கேள்வி இருக்கும். இரண்டுக்கும் 'இல்லை' போட்டால் அதைத்தான் எங்கள் ஆட்கள் 'நானா' (NANA, 'Neither Attributable Nor Aggravated' என்பதன் சுருக்கம்) என்பார்கள். பக்கத்தில் காரணம் எழுத ஒரு சின்ன இடம் விட்டிருப்பார்கள். உங்கள் கணவரின் காப்பியில் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பீஸ் ஸ்டேஷனில், அதாவது போர்ப்பதற்றம் இல்லாத ஊரில், இருக்கும்போது தொடங்கியது என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கண்டுபிடித்த இடம் புனே.

வெளி டாக்டர் பதில் சொல்ல வேண்டியது அந்த ஒரு வரிக்குத்தான். உங்கள் கணவர் ஓய்வு பெற்றபோது நடப்பில் இருந்த, ராணுவ டாக்டர்களுக்கான பென்ஷன் வழிகாட்டியில் 43-ஆவது பத்தி பி.பி.யைப் பற்றியது. ஃபீல்டு, உயர்மலைப் பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி, இங்கெல்லாம் இருக்கும்போது வந்த பி.பி.யைச் சர்வீஸால் அதிகமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. குப்வாரா அதில் வரும், புனே வராது. அப்படியென்றால் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நோய் கண்டுபிடித்த நாள் சரி, அது தொடங்கிய நாள் எது?

இதற்குத்தான் ஒரு நல்ல இதய டாக்டர் வேண்டும். புனேயில் முதல்முறை அட்மிட் செய்தபோது எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது என்று இருந்தால் அது பெரிய விஷயம். பி.பி. ரொம்ப நாள் ஏறியே இருந்து, இதயம் அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளித்தான் பொதுவாக அந்தச் சுவர் தடிக்கும், மூன்று மாதத்தில் அப்படி ஆவது அபூர்வம். அதே மாதிரிதான் கண்ணின் விழித்திரையில் பழைய பி.பி.யின் அடையாளம் இருந்தாலும். உங்கள் டாக்டர் அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இன்ன தேதி எக்கோவில் சுவரின் தடிமன் இவ்வளவு, ஆகவே கண்டுபிடிப்பதற்கு வெகு நாள் முன்பே பி.பி. இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் இவர் குப்வாராவில் பணியில் இருந்ததாகப் போஸ்டிங் விவரம் காட்டுகிறது' என்று எழுதினால், அந்த ஒரு பக்கத்துக்குப் போர்டு பதில் சொல்லியே ஆக வேண்டும். எக்கோ நார்மல் என்றால் டாக்டரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அப்போது வேறு தடயம் தேடலாம், குப்வாராவில் தலைவலி, தலைச்சுற்றல் என்று எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவ அறைக்கு) போயிருந்தால் அந்தப் பதிவு, வருடாந்தர மெடிக்கலில் எழுதிய பி.பி. அளவு, இப்படி.

இந்தப் பேப்பரெல்லாம் கையில் இல்லையென்றால் அவருடைய ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதுங்கள். ரிலீஸ் போர்டு ஃபார்ம், முதன்முதலாக லோ மெடிக்கல் கேட்டகிரி (உடல்தகுதி குறைந்தவர் என்ற பிரிவு) போட்ட போர்டின் ஃபார்ம், ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், மூன்றையும் கேளுங்கள். வீட்டில் பழைய இ.சி.ஜி. இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அந்தத் தாள் நாளாக ஆக மங்கி வெறும் காகிதமாகிவிடும்.

இன்னொன்று, நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில் இல்லை. ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்த தரம்வீர் சிங், வலிப்பு நோய் என்று ஒன்பது வருடத்தில் வெளியே அனுப்பப்பட்டவர், 20 சதவீதம், பென்ஷன் இல்லை. அவர் வழக்கில்தான் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் நல்ல உடம்போடு சேர்ந்தவர் என்றே கொள்ள வேண்டும், சர்வீஸோடு சம்பந்தமில்லை என்றால் போர்டு காரணம் காட்ட வேண்டும். ஆக, டாக்டர் கடிதம் வேலை செய்வது போர்டு சொன்ன காரணம் பேப்பரோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டும்போதுதான்.

தாமதம் பற்றி. மறுப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட வேண்டும், அது போய்விட்டது. பரவாயில்லை, தாமதத்துக்கான காரணத்தோடு போடுங்கள், அதிலும் முடியவில்லையென்றால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பென்ஷன் மாதா மாதம் சேரும் உரிமை என்பதால் தாமதத்தைப் பெரும்பாலும் மன்னிப்பார்கள். ஆனால் நிலுவை பொதுவாக வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாதப் பணம் கழிகிறது, அதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: ஆர்ட்டிலரியில் 17 வருடம் பீரங்கிப் பக்கத்திலேயே இருந்தவன். காது போய்விட்டது. சர்வீஸால் வந்தது என்று போர்டு ஒப்புக்கொண்டது, ஆனால் 20 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டார்கள். வெளியே ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் சோதனை) எடுக்கட்டுமா? (வாசகர், தேனி)

பதில்: எடுங்கள் சார். உங்கள் கதை மேலே உள்ளதற்கு நேர் தலைகீழ், சம்பந்தம் இருக்கிறது, சதவீதம்தான் இடிக்கிறது. ஆனால் வெளி டாக்டர் 40 என்று எழுதினால் யாரும் 40 தர மாட்டார்கள், சதவீதம் போடுவது ராணுவ போர்டின் வேலை. வெளி ஆடியோகிராமின் பயன், 'ரிலீஸ் போர்டில் எடுத்த அளவுக்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசம், மறுபடி போர்டு வையுங்கள்' என்று கேட்க ஆதாரமாவது. அதனால் இரண்டு காதுக்கும், ஒவ்வொரு அலைவரிசைக்கும் எத்தனை டெசிபல் என்று கிராஃபோடு வாங்குங்கள், 'காது கேட்கவில்லை' என்ற சான்றிதழ் போதாது. ஓய்வுக்குப் பிறகு நீங்கள் மில்லிலோ மர அறுவையிலோ வேலை பார்த்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் டாக்டர் சர்டிஃபிகேட்டோடு பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்கிறார். அப்பாவை டாக்டரிடம் அழைத்து வரக்கூட வேண்டாமாம். நம்பலாமா? (வாசகர், கம்மவான்பேட்டை)

பதில்: நம்பாதீர்கள். பார்க்காத ஆளுக்கு எழுதிய கடிதம் என்று தெரிந்தால் அப்பாவின் உண்மையான பேப்பர்கள் மீதும் சந்தேகம் வந்துவிடும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், அப்பீல் எழுத வழிகாட்டுவார்கள், அதற்குக் காசு இல்லை. அப்பா வெளியே வந்து 15 வருடம் ஆகப் போகிறதா என்றும் பாருங்கள், 2008 விதிகளில் அதற்குப் பிறகு கிளெய்ம் போட்டு, சர்வீஸ் பேப்பர்களும் அழிக்கப்பட்டிருந்தால் நிரூபிக்கும் சுமை நம் பக்கம் வந்துவிடும். எழுதும்போது ஆர்மி நம்பர், ரேங்க், போர்டு நடந்த தேதி, ஆஸ்பத்திரி பெயர், நான்கையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். அது இல்லாமல் திரும்பி வந்த மனுக்கள் என்னிடமே ஒரு கட்டு இருக்கிறது.